பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்:

எங்கள் வீட்டில் இரவு 8 மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஓர் அதிகாரம், ஆளுக்கொரு சிறு ஜெபம், முடிவில் எல்லாரும் சேர்ந்து, இயேசு சீடர்களுக்குக் கற்றுத்தந்த பரமண்டல ஜெபம். என் மாமியார் காலத்து வழக்கம். போன வருடம் ஒருநாள், எங்கள் 13 வயது மூத்தவன் ஒரு வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்வதைக் கவனித்தேன். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று வரும்போது மௌனம். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வான். விளையாட்டுப் புத்தி என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்தபடி, “நாம் பெரியப்பாவை மன்னிக்கவில்லையே அம்மா. பொய் சொல்லப் பயமாக இருக்கிறது” என்றான்.

பூர்வீக வீட்டுப் பங்கு விஷயத்தில் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். நியாயம் எங்கள் பக்கம்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த இரண்டு வருடமும் ஒருநாள் தவறாமல் அந்த ஜெபத்தைச் சொன்னோமே! வேதத்தோடு எங்களையும் சேர்த்தே பிள்ளை வாசித்துவந்திருக்கிறான்.

அன்று என் கணவர் சாப்பிடவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன பகுதியை, மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே மகனையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாசலில் நின்றபடியே பேச்சு முடிந்துவிட்டதாம். “அண்ணே, நான் அன்றைக்குப் பேசியது தப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பங்கு இன்னும் தீரவில்லை. அவர்களும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மகன் இப்போது அந்த வரியைச் சொல்கிறான். தன் முறை வரும்போது பெரியப்பாவுக்காகவும் ஜெபிக்கிறான்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரர்:

சகோதரி, உங்கள் மகனைப் பற்றி வாசித்ததும் என் ஆச்சியின் பிடி அரிசிப் பானை நினைவுக்கு வந்தது. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி அந்தப் பானைக்குப் போகும். பிறகு காணிக்கையாகச் சபைக் கோவிலுக்குப் போகும். 1903-இல், பின்னாளில் பேராயரான அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தைப் பற்றியும், அதன் ஊழியர்கள் தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பக்கம் போனதைப் பற்றியும் அரிசியை அள்ளிக்கொண்டே சொல்வார். அரிசி பற்றாத நாள்களில் எங்கள் கஞ்சிதான் தண்ணீராகும், அந்தப் பிடி குறையாது. ஆச்சி சொல்லித்தந்த மனப்பாட வசனங்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அரிசி அள்ளிய கை அப்படியே கண்முன் நிற்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் பிடி அள்ளுவது 6 வயது மகள். ஒவ்வொரு முறையும் இரண்டு பிடி போடுகிறாள். அவள் கை சிறியதாம், பூட்டியின் பிடிக்குச் சரியாக வரவேண்டுமாம்.