பெட்ரோல் முள் சரியில்லை, அவசரம், உதவுங்கள்

சாவிக்கொத்து:
வணக்கம். பழைய கார். பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லை. டேஷ்போர்டில் மீட்டரையே கழற்றி வேறு ஒன்று மாட்டிப் பார்த்துவிட்டேன், அதே கதைதான். ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. நாளை வண்டியை வெளியூர் எடுத்துப் போக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நான்காவதுகியர்:
என்ன வண்டி? எந்த வருடம்? கார்புரேட்டரா இஞ்செக்‌ஷனா?

பழையஇரும்பு:
"சரியாகக் காட்டவில்லை" என்றால் எப்படி? காலியிலேயே படுத்திருக்கிறதா, ஃபுல்லிலேயே நிற்கிறதா, நடுவில் கிடந்து ஆடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

எர்த் ஏகாம்பரம்:
எதையும் கேட்க வேண்டாம். எர்த்தான் கோளாறு. டேங்க் யூனிட்டுக்கு, அதாவது டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்து மீட்டருக்குச் சொல்லும் உறுப்புக்கு, ஒரே ஒரு ஒயர்தான் வரும், மறுபக்கம் டேங்கின் உடம்பு வழியாகவே பாடிக்குப் போகிறது. டேங்குக்கும் பாடிக்கும் நடுவில் துரு, பெயிண்ட், ரப்பர் என்று எல்லாம் உட்கார்ந்திருக்கும். யூனிட்டின் ஒரு ஸ்குருவில் தனி ஒயர் மாட்டி, பெயிண்ட் சுரண்டிய இடத்தில் பாடியோடு இறுக்குங்கள். பத்து நிமிட வேலை.

ஓம்விதி:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் டேஷ்போர்டைப் பிரித்தது முதல் தப்பு. சோதனை இதுதான்: டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றி சாவியை ஆன் செய்தால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். அதே ஒயரை பாடியில் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம், கோளாறு டேங்க் பக்கம். இதைக்கூடச் செய்யாமல் அவசரம் என்று தலைப்பு போடுகிறார்கள்.

கார்புரேட்டர்காதலன்:
ஓம்விதி அண்ணே, நேராக பாடியில் தொடச் சொல்லாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது பைமெட்டல் மீட்டர். உள்ளே ஒரு சுருள் சூடாகி, இரண்டு உலோகம் ஒட்டிய பட்டையை வளைத்து முள்ளைத் தள்ளும். நேரடி எர்த்தில் வைத்திருந்தால் சுருள் கருகிவிடும். நடுவில் கரண்டை மட்டுப்படுத்த 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுத் தொடட்டும். டேங்க் வாயிலிருந்து தள்ளி வைத்துத் தொடுவது நல்லது, பொறி பறக்கும்.

ஓம்விதி:
இரண்டு நொடி தொட்டால் ஒன்றும் ஆகாது.

கார்புரேட்டர்காதலன்:
இரண்டு நொடியில் பைமெட்டல் முள் முழுதாக நகரவே நகராது. அப்புறம் எதைப் பார்ப்பீர்கள்?

நான்காவதுகியர்:
சூடு காட்டும் முள் எப்படி இருக்கிறது? பைமெட்டல் மீட்டர்களில் பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வைப்பது வழக்கம். இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். வண்டி என்ன என்று இன்னும் சொல்லவில்லையே.

சாவிக்கொத்து:
1983 மாடல். கார்புரேட்டர். சூடு முள் சரி. எர்த் ஒயர் போட்டேன், மாற்றமில்லை. பாதி வரை முள் சரியாகத்தான் காட்டும், அதற்குக் கீழே போனால் காலி.

பழையஇரும்பு:
நண்பரே, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! இன்னும் இரண்டு கேள்வி. பாதியில் விழுந்த முள், கால் டேங்க் வரும்போது எழுந்து மறுபடி காட்டுகிறதா? விழும்போது டக்கென்று விழுகிறதா, மெல்ல இறங்குகிறதா?

எர்த் ஏகாம்பரம்:
ஒயர் போட்ட இடத்தில் பெயிண்டை நன்றாகச் சுரண்டினீர்களா? பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும்.

நிழல்பார்க்கிங்:
எதற்கு இவ்வளவு கஷ்டம்? பாதிக்குக் கீழே விடாமல் ஓட்டுங்கள், பிரச்சினையே இல்லை. டேங்க் அடியில் கிடக்கும் கசடும் கார்புரேட்டருக்குப் போகாது. நான் எப்போதும் அப்படித்தான்.

கார்புரேட்டர்காதலன்:
உறிஞ்சும் குழாயின் வாய் எப்போதும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. ஃபுல்லாக இருந்தாலும் கால் டேங்க் இருந்தாலும் அடியிலிருந்துதான் இழுக்கும். மேலாக மிதக்கும் பெட்ரோலை மட்டும் குடிக்கும் வண்டி எது?

நிழல்பார்க்கிங்:
அனுபவத்தில் சொல்கிறேன். கம்பெனிக்காரர்களே டேங்கை அடிவரை வற்ற விடாதே என்கிறார்கள்.

நான்காவதுகியர்:
அது டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கும் வண்டிகளுக்குச் சொல்வது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அந்த பம்ப்பைக் குளிர வைக்கிறது. 1983 கார்புரேட்டர் வண்டியில் பெரும்பாலும் இன்ஜின் பக்கத்தில் மெக்கானிக்கல் பம்ப்.

ஓம்விதி:
காலி இடம் அதிகமானால் உள்ளே ஈரக்காற்று சேர்ந்து தண்ணீர் படியும். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நிழல்பார்க்கிங்:
பார்த்தீர்களா, ஓம்விதியே நான் சொன்னதைத்தான் சொல்கிறார்.

ஓம்விதி:
நான் அப்படிச் சொல்லவில்லை.

சாவிக்கொத்து:
திரும்ப எழாது. மெல்லத்தான் இறங்கும். பெட்ரோல் போட்டால் மறுபடி சரி.

பழையஇரும்பு:
சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். மெல்ல இறங்குகிறது என்றால் பைமெட்டல் மீட்டர்தான். அதில் கரண்ட் அதிகம் பாய்ந்தால் முள் ஃபுல் பக்கம் போகும், கரண்டே இல்லையென்றால் காலியில் படுக்கும்.

டேங்க் யூனிட்டுக்குள் ஃப்ளோட், அதாவது மிதவை, ஒரு கையின் நுனியில் மிதக்கிறது. கையின் மறுமுனையில் ஒரு சின்னத் தொடுநாக்கு, தலைமுடி கனத்தில் கம்பி சுற்றிய பட்டையின் மேல் உரசிக்கொண்டு போகும். டேங்க் நிறைந்திருக்கும்போது நாக்கு கம்பியின் தொடக்கத்தில் நிற்கும், ஓம்ஸ் (மின்தடை) குறைவு. இறங்க இறங்க கரண்ட் கூடுதலான சுற்றுகளைத் தாண்டி வர வேண்டும், ஓம்ஸ் ஏறும். இப்போது கம்பி நடுவில் ஒரு இடத்தில் அறுந்துவிட்டது என்று வையுங்கள். அறுந்த இடம் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நாக்கு அதைத் தாண்டியதும் பாதையே இல்லை, முள் காலிக்கு இறங்கி அங்கேயே கிடக்கும். உங்களுக்கு நடப்பது அச்சாக இதுதான். அழுக்கோ தேய்மானமோ ஒரு இடத்தில் மட்டும் இருந்தால், அதைத் தாண்டியதும் முள் எழுந்திருக்கும்.

எர்த் கெட்டால் அளவு முழுக்கக் குறைத்துக் காட்டும், பாதியில் மட்டும் வேலை நிறுத்தம் செய்யாது. ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருந்தால் ஃபுல் டேங்கிலும் காலிதான் காட்டும். இரண்டையும் ஒதுக்கிவிடலாம். வேறு மாதிரி மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலியில் ஓம்ஸ் குறைவாகவும் ஃபுல்லில் கூடுதலாகவும் இருக்கும் அமைப்பில் கதை தலைகீழ். அங்கே கம்பி நடுவில் அறுந்தால் பாதிக்குக் கீழே சரியாகக் காட்டும், பாதிக்கு மேல் முள் ஃபுல்லைத் தாண்டிப் போய் நிற்கும்.

நாளை ஊருக்குப் போக வேண்டுமென்றால் இன்று டேங்கைத் திறக்காதீர்கள். ஃபுல் போட்டு, ஓடிய தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டுங்கள். திரும்பி வந்து பெட்ரோல் குறைந்தபின் கழற்றலாம். சில வண்டிகளில் யூனிட் டேங்கின் பக்கவாட்டில் இருக்கும், நிறைய பெட்ரோலோடு திறந்தால் குளித்துவிடுவீர்கள்.

கார்புரேட்டர்காதலன்:
கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ். திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். யூனிட்டைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்ட இரும்பு உளி வேண்டாம், பித்தளைத் துண்டு எடுங்கள். மாட்டும்போது கசியாமல் அடைக்க புது கேஸ்கட். வெளியே எடுத்ததும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒயர் முனைக்கும் யூனிட் உடம்புக்கும் நடுவில் பிடித்து, ஃப்ளோட்டின் கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். அறுந்த இடத்தில் அளவு மறைந்துபோகும். முள் வைத்த பழைய மல்டிமீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எர்த் ஏகாம்பரம்:
வெளியே எடுத்ததும் உப்புத்தாள் வைத்து நன்றாகத் தேய்த்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

பழையஇரும்பு:
ஐயோ, உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இருக்கும் கம்பியும் போய்விடும். பென்சில் அழிப்பானும் கான்டாக்ட் கிளீனரும் போதும்.

நான்காவதுகியர்:
அறுந்த கம்பியை சால்டர் வைத்து ஒட்ட முடியாதா?

பழையஇரும்பு:
அது நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த கம்பி) என்றால் சாதாரண சால்டர் பிடிக்காது, உருண்டு விழும். நாக்கு உரசாத பக்கத்தில் மெல்லிய செம்புக் கம்பியால் அறுந்த இடத்தின் இரு பக்கச் சுற்றுகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டலாம். ஒன்றிரண்டு சுற்று குறைவதால் அளவு பெரிதாக மாறாது. என்றாலும் வேறு யூனிட் கிடைத்தால் அதைப் போடுவதே மேல்.

ஓம்விதி:
வேறு யூனிட் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். மீட்டரும் யூனிட்டும் ஜோடி. காலியில் 10, ஃபுல்லில் 180 ஓம் என்று ஒரு வகை. காலியில் 73, ஃபுல்லில் 10 என்று இன்னொரு வகை. 0–90 வேறு இருக்கிறது. முதல் வகை யூனிட்டை இரண்டாம் வகை மீட்டரோடு சேர்த்தால் காலி டேங்குக்கு ஃபுல் காட்டும். துளைகள் பொருந்துகின்றன என்று வாங்கி மாட்டுபவர்கள் இங்கே நிறைய. ஏற்கெனவே மீட்டரை வேறு மாற்றியிருக்கிறார்.

நிழல்பார்க்கிங்:
இதற்குத்தான் பாதிக்குக் கீழே விடாதே என்றேன்.

சாவிக்கொத்து:
கழற்றினேன். பழையஇரும்பு சொன்ன மாதிரியே கம்பி ஒரு இடத்தில் அறுந்திருந்தது. வேறு யூனிட் வாங்கிவிட்டேன், நாளை மாட்டுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஓம்விதி:
மாட்டும் முன் ஓம்ஸ் பார்த்தீர்களா? இரண்டு கோடியிலும் எவ்வளவு?

பழையஇரும்பு:
பழையதோடு ஃப்ளோட் கையின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஓம்விதி:
சாவிக்கொத்து?

டிக்கிநிறைய:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் பாதிக்கு மேல் போட்டால் முள் ஃபுல்லையும் தாண்டி நிற்கிறது. கீழே சரி. மீட்டரை மாற்றவா?

ஓம்விதி:
மேலே பழையஇரும்பு எழுதியதை ஒரு முறை படித்துவிட்டுக் கேளுங்கள். வண்டி என்ன?