'மரைன் ஹீட்வேவ்': தமிழில் என்ன சொல்லலாம்?

இரா. எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கான கடலியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கெல்ப் என்னும் பெரிய பழுப்புக் கடற்பாசியின் காடுகள் பற்றிய இயலில் 'மரைன் ஹீட்வேவ்', அதாவது கடல்நீர் இயல்பை மீறிச் சூடேறிப் பல நாள் கிடப்பது, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக் சூடேறிக் கிடந்ததும், வட கலிஃபோர்னியாவின் 'புல் கெல்ப்' (bull kelp) வகைக் காட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்ததும்தான் அந்த இயலின் மையம். 'கடல் வெப்ப அலை' என்றால், கரையில் வெந்நீர் அலை மோதுவதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

மு. எழுதியது:
செய்திகளில் 'வெப்ப அலை' ஊன்றிவிட்டது. அதையே வைத்து, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். போதும்.

செ. எழுதியது:
மு. ஐயா, தரையில் அது பொருந்தும். கடலில் அலைக்கு முதற்பொருளே வேறு. 'கடல்வெப்பு' என்பது என் முன்மொழிவு. வே, வேது, வேனில், வெம்மை, வெயில், வெதுப்பு, தெலுங்கின் வேடி எல்லாம் ஒரே குடும்பம். அதில் 'வெப்பு' காய்ச்சலைக் குறிக்கும். ஞானசம்பந்தர் திருநீறு பூசித் தீர்த்தது பாண்டியனின் வெப்பு நோயைத்தான். இயல்புக்கு மேல் ஏறும், சில நாள் நீடிக்கும், பிறகு தணியும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

க. எழுதியது:
வேர்ச்சொல் ஒரு பக்கம் இருக்கட்டும். வரையறையில் 'இத்தனை டிகிரி' என்ற எல்லையே கிடையாது. ஏறத்தாழ 30 ஆண்டுப் பதிவில், அந்த இடத்துக்கு அந்தப் பருவத்தில் பதிவான வெப்பநிலைகளில் நூற்றுக்குத் தொண்ணூறை விஞ்ச வேண்டும். 5 நாளாவது தொடர வேண்டும். நார்வேக் கரையின் சர்க்கரைக் கெல்ப் 10 முதல் 15 டிகிரியில் நன்றாக வளரும். 20ஐத் தாண்டிச் சில வாரம் நின்றால் சாகத் தொடங்கும். அந்த 20 டிகிரி நீரில் நாம் இறங்கினால் நடுங்குவோம்! அதனால் கொதிப்பு, வெக்கை என்று யாரும் தயவுசெய்து கிளம்ப வேண்டாம்.

இன்னொன்று, கலிஃபோர்னியாவில் கெல்ப்பைக் கொன்றது சூடு மட்டுமல்ல. மேல்நீர் சூடாகி மூடிபோலக் கிடந்தால் ஆழத்துக் குளிர்நீர் மேலேறாது. அதோடு வரும் நைட்ரேட் என்ற சத்தும் வராது. கெல்ப் பட்டினி கிடந்தது. அதே காலத்தில் கடல் நட்சத்திரங்கள் நோயில் மடிந்தன. அவற்றுக்கு இரையாகிவந்த ஊதாக் கடல் முள்ளெலிகள் பெருகி, மிச்சத்தையும் தின்றன. இயல்பை மீறியது என்ற கருத்து சொல்லிலேயே தெரியட்டும். 'கடல் மிகைவெப்பம்' என்பேன்.

செ. எழுதியது:
க. அம்மா, ஒரு பிற்பகல் சூடும் மிகைவெப்பம்தான். நீடிப்பு அதில் எங்கே இருக்கிறது?

மு. எழுதியது:
வெப்பு தணிந்தால் உடல் தேறிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 சூடு தணிந்த பிறகும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர்க் கரையில் கெல்ப் திரும்பவில்லை. அங்கே பாசிப்படலம்தான் மண்டியது. அப்புறம், 'கடல்வெப்பு' என்று இணையத்தில் தேடும் மாணவருக்கு என்ன கிடைக்கும்?

செ. எழுதியது:
வெப்பு கடலுக்கு வந்தது; கெல்ப் அதில் மாண்ட உயிர். இரண்டையும் குழப்ப வேண்டாம். தேடினால் கிடைக்காது என்று பார்த்திருந்தால் 'மின்னஞ்சல்' பிறந்திருக்காது.

இரா. எழுதியது:
நாளை அச்சு. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'மிகைவெப்பம்' பக்கம்தான் ஆள் கூடுதல். நீடிப்பும் தெரிய வேண்டும் என்பதால் 'கடல் மிகைவெப்ப நாள்கள்' என்று போடுகிறேன். மு. ஐயாவுக்காக, கலைச்சொல் பட்டியலில் 'கடல் வெப்ப அலை'யும் பக்கத்திலேயே இருக்கும்.

க. எழுதியது:
சரி, ஏற்கிறேன்.

செ. எழுதியது:
நான் ஏற்கவில்லை. இது பெயரல்ல, விளக்கம். பசிபிக்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை 'நாள்கள்' என்பதா? அடுத்த பதிப்புக்கு முன் 'வெப்பு' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.