எதுவும் மாறாதபோதும் விட்டுப்போகாத தேவ அன்பு: உங்கள் அனுபவம் என்ன?

காலைப்பனி:

சாட்சி நேரத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் நல்லபடியாக முடிந்த கதைகள். வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, ஸ்தோத்திரம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு. நிலைமை மாறவே இல்லை, இன்னும் மோசமாகக்கூடப் போனது. ஆனாலும் தேவன் கைவிடவில்லை என்று எப்படியோ தெரிந்தது. அப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

சரி, நானே ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்கு மறதி நோய். முதலில் கிழமை குழம்பியது, அப்புறம் பெயர்கள் போயின. ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "நீங்க யாரும்மா, நர்ஸா?" என்று கேட்டார். அம்மா என்னை வாழ்நாளில் "நீங்க" என்று கூப்பிட்டதே கிடையாது. என்னை மறந்தது ஒரு வலி என்றால், அந்த மரியாதை இன்னொரு வலி.

ஏசாயா 49:15 எல்லோருக்கும் தெரிந்த வசனம். "ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ?" என்ற கேள்வியைச் சின்ன வயதிலிருந்தே "மறக்கவே மாட்டாள்" என்ற பதிலோடுதான் கேட்டு வந்தேன். அதற்கு அடுத்த வரி, "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." தாய் மறக்கக்கூடும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனத்துக்காக வந்த வார்த்தை அது. "ஆண்டவர் என்னை மறந்தார்" என்று சீயோன், அதாவது எருசலேம், அழுததற்குப் பதில். என் வீட்டில் தாய் மறப்பது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

எல்லாம் மறந்தாலும் பழைய பாட்டுகள் மட்டும் ஞாபகம் இருக்கும் என்று பலர் சொல்வார்கள். சிலருக்கு அப்படி இருக்கலாம். அம்மாவுக்கு அதுவும் போய்விட்டது. கடைசியில் இயேசு என்ற பெயரைச் சொன்னால்கூட முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஒரு பெண் தன் ஆண்டவரையே மறந்துவிட்டால் அவள் விசுவாசம் என்னவாகும் என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். அந்த அதிகாரத்தின் 16-ம் வசனம்தான் என்னைத் தாங்கியது: "என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." வரைந்தது அவர், கையும் அவருடையது. அம்மாவின் ஞாபகத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை. வந்த நிம்மதி பெரியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்க முடிந்தது.

மூன்றாம் வரிசை:

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் மகன் பத்து வயதில் போய்விட்டான். அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ரோமர் 8:28 சொன்னார்கள், "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்று. அந்த வசனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மண் போட்டு முடிப்பதற்குள் அதைச் சொன்ன அவசரத்தின் மேல்தான் கோபம். அதே அதிகாரத்தில், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இரண்டு வசனத்துக்கு முன்னால் இருக்கிறது. அதை ஒருவரும் சொல்லவில்லை.

தேவ அன்பை உணர்ந்தீர்களா என்று கேட்டால், இல்லை. ரொம்ப நாள் இல்லை. ஆராதனைக்குப் போவேன், மூன்றாம் வரிசையில் நிற்பேன், எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணம் வரும்போது வாய் திறக்காது. போதகரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: "விசுவாசப்பிரமாணத்தை என்னால் சொல்ல முடியவில்லை ஐயா, சொன்னால் பொய்யாக இருக்கும்." அவர் புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சரி, நீங்க சொல்ல வேண்டாம். நாங்க சொல்றோம், நீங்க நின்னா போதும்" என்றார்.

அப்புறம் மாற்கு 2-ஐக் காட்டினார். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்துக் கிடந்தவன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. அந்த நாலு பேர் மாதிரி ஒரு சபை எனக்கு இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 88-ம் சங்கீதம் வேதத்தில் இருப்பதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசிக்குள் எங்காவது ஒரு திருப்பம் வரும். இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று ஏற்றுக்கொண்டு வேதத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நாடோடி:

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், இப்போது விசுவாசப்பிரமாணம் சொல்ல முடிகிறதா?

மூன்றாம் வரிசை:

கேட்பதில் தப்பில்லை தம்பி. பெரும்பாலான வரிகளைச் சொல்கிறேன். "சரீரம் உயிர்த்தெழுதல்" வரும் இடத்தில் தொண்டை அடைக்கும். முன்பு நம்பிக்கை இல்லாததால் அடைத்தது. இப்போது அந்த ஒரு வரி மேல்தான் எல்லா நம்பிக்கையும் நிற்கிறது என்பதால் அடைக்கிறது.

மெழுகுவர்த்தி:

நான் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் இருப்பவள். எங்கள் பக்கம் ஜெபத்தில் எதையும் உணராத இந்த வறட்சியைப் பற்றி நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் அது நமக்கு வரும்போது ஒருவரும் எழுதாத மாதிரிதான் இருக்கும். எனக்கு வந்த காரணம் இன்றுவரை தெரியாது. துக்கமும் இல்லை, பெரிய சோதனையும் இல்லை. நற்கருணை ஆராதனையில் முழந்தாளிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில் அன்னை தெரசாவின் கடிதங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1997-ல் இறந்தார், அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் வெளியாயின. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் இறைப்பிரசன்னத்தை உணராமலே ஜெபித்தும் உழைத்தும் வந்திருக்கிறார். சிலர் அதை அவநம்பிக்கை என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உணர்வே இல்லாமல் அதிகாலையில் எழுந்து அந்த வேலைக்குப் போக வைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

ஸ்பெயின் நாட்டுத் துறவி புனித சிலுவை யோவானை 1577-ல் அவருடைய சபைத் துறவிகளே தொலேதோவில் சிறை வைத்தார்கள். அங்கே அவர் கவிதை எழுதினார், அடுத்த ஆண்டு தப்பித்தும் வந்தார். வறட்சியைப் பற்றி அவர் சொன்ன ஒன்று எனக்கு உதவியது: பால் மறக்கடிக்கும் தாய் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி, தானே நடக்க விடுவது போல இறைவன் சில காலம் செய்கிறார். இறக்கிவிட்டதைக் கைவிட்டதாகக் குழந்தை நினைத்து அழும். எல்லா வறட்சிக்கும் இது பொருந்துமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருத்துவரிடம் போவதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. நான் போனேன்.

மறுகரை:

இந்தத் தலைப்பில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "ஒழியாத அன்பு" என்பதை என்மேல் ஒரு ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள். வீட்டில் அடி. ஆலோசனைக்குப் போன இடத்தில் ஒரு பெரியவர், "அன்பு சகலத்தையும் சகிக்கும்னு இருக்கே, ஓசியா கோமேரைத் திரும்பச் சேர்த்துக்கலையா?" என்றார். ஓசியா ஒரு தீர்க்கதரிசி, கோமேர் அவருக்குத் துரோகம் செய்த மனைவி.

நானும் வீட்டுக்கு வந்து ஓசியாவை வாசித்தேன், அவர் எதிர்பார்த்ததைவிடக் கவனமாகவே. "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று 11-ம் அதிகாரத்தில் இஸ்ரவேல் ஜனத்தைப் பார்த்துத் தேவன் உருகுகிறார். உடனே அடுத்த வசனத்தில் அதற்குக் காரணமும் சொல்கிறார்: "நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்." அந்த அன்பு அவருடையது, அவர் தேவன் என்பதால் அவரால் முடிகிறது. அதை அடி வாங்குகிற ஒரு பெண்ணின் தோளில் தூக்கி வைத்தது யார்? அந்தப் பெரியவர் சொன்ன அன்பு வசனம் இருக்கும் 1 கொரிந்தியர் 13-ம் அதிகாரமும், ஆவியின் வரங்களைப் பற்றிப் பெருமையடித்துச் சண்டை போட்ட ஒரு சபைக்கு எழுதியது. அதைப் பலவீனரை அடக்குவதற்கு எடுத்துக்கொள்வது பவுலுக்கே அநியாயம்.

வெளியே வந்தேன். பெற்றோர் வீட்டிலும் முதலில் தயங்கினார்கள், அதை நான் இன்று பெரிதுபடுத்தவில்லை. "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்ற 27-ம் சங்கீத வரியைத் தைரியமாகப் பிடித்துக்கொண்டேன். அவருடைய அன்பு என்னைப் பொறுத்துப்போகச் சொல்லவில்லை, கதவைத் திறந்துவிட்டது. இப்படிச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நாடோடி:

எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்குச் சொல்ல இவ்வளவு கனமான அனுபவம் இல்லை, ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் 136-ம் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிப்போம். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது." பாதியில் சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும், அது வேறு கதை. வானம், பூமி, சூரியன் வரை சுகமாகப் போகிறது. 10-ம் வசனத்தில் "எகிப்தியருடைய தலைச்சன்களைச் சங்கரித்தவரை" என்று வருகிறது, அதாவது அவர்களுடைய மூத்த பிள்ளைகளைக் கொன்றவரை; அதற்கும் அதே பல்லவி. மூன்றாம் வரிசை அண்ணன் எழுதியதை வாசித்த பிறகு அந்த வரியை எப்படிச் சத்தமாகச் சொல்வது என்று தெரியவில்லை. 23-ம் வசனம், "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை", அது புரிகிறது. காலைப்பனி அக்கா சொன்னதும் அதையேதான் என்று நினைக்கிறேன். அடிமைகளாக இருந்தவர்களுக்கு 10-ம் வசனம் விடுதலையின் செய்தி என்று எங்கள் தலைவர் விளக்கினார். எகிப்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு அது என்ன செய்தி என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள், கூட்டமே அமைதியாகிவிட்டது. இதைப் பற்றி யோசித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அவள் மறுபடியும் கேட்பாள், நிச்சயம்.