ஜூலையிலும் கடல் சூடாகத்தானே இருக்கிறது, புயல் ஏன் வருவதில்லை?

கேள்வி:
கடல் நீர் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புயல் உருவாகலாம் என்கிறார்கள். வங்கக் கடல் ஜூலை, ஆகஸ்டிலும் 28 டிகிரி அளவில் இருக்கிறது. ஆனால் பெரும் புயல்கள் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பரில்தான் வருகின்றன. 2013 டிசம்பரில் மாதி புயல் கரையைத் தொடும் முன்பே வலுவிழந்ததற்கும் கடல் வெப்பம் காரணமா?

பதில் 1:
26.5 என்பது குறைந்தபட்சத் தேவை மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கீழே மேற்குக் காற்று, 12 கிலோமீட்டர் உயரத்தில் பலத்த கிழக்குக் காற்று. இப்படி உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதுதான் விண்ட் ஷியர். இது, மேகங்கள் வெளியிடும் வெப்பத்தை மையத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். மையத்தில் அழுத்தம் இறங்காது. போதாக்குறைக்கு, அப்போது தாழ்வுப் பகுதிகள் வடக்கு வங்கக் கடலில் உருவாகிச் சீக்கிரமே ஒடிசா பக்கம் தரையேறிவிடுகின்றன.

பதில் 2:
மாதி விஷயத்தில் ஆழத்தைப் பாருங்கள். சுமார் 50 மீட்டர் வரை நீர் சூடாக இருக்க வேண்டும். மேலே மட்டும் சூடு என்றால், புயற்காற்று கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும்; ஆவியாதல் குறையும். வேகமாக நகரும் புயல் அதற்குள் தாண்டிவிடும். மாதியோ மெதுவாக வடக்கே போய், தென்மேற்காகத் திரும்பியது. வறண்ட காற்றும் ஷியரும் சேர்ந்துகொண்டன. கடலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

மேற்பரப்பு வெப்பநிலை வரைபடத்தோடு நிற்காமல், ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் வெப்ப இருப்பு (சூடான மேலடுக்கு நீரில் சேர்ந்திருக்கும் வெப்பம்) வரைபடத்தையும் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோஜூலுக்கு மேல் இருந்தால் வலுப்பெறச் சாதகம்.

பதில் 3:
வடக்கு வங்கக் கடலுக்கு அந்த 50 கிலோஜூல் கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் லேசானது. உப்பு நீர்மேல் மெல்லிய அடுக்காகப் படர்கிறது. அதைக் கலக்கக் காற்றுக்கு அதிக ஆற்றல் தேவை. அதனால் புயல் கடந்தாலும் நீர் அவ்வளவாகக் குளிராது. மழைக்காலம் முடிந்த கையோடு, அக்டோபர்-நவம்பரில், இது மிகவும் முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எதை முதலில் பார்ப்பது?

பதில் 3:
ஷியரை. 20 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெப்ப இருப்பு, நடுமட்டக் காற்றின் ஈரப்பதம். 2020 மே மாதம் ஆம்பன் வந்தபோது 30 டிகிரிக்கு மேற்பட்ட நீரும் குறைந்த ஷியரும் கைகோத்தன. புயலாக மாறி 2 நாளுக்குள் சூப்பர் புயலாகிவிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரி அட்சரேகைக்குள் என்றால், பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் மிகக் குறைவு; நீர் எவ்வளவு சூடானாலும் புயலுக்குச் சுழற்சி கிடைப்பது அரிது.