டியோன் சகோதரிகள் விஷயத்தில் தப்பு யார் மேல்? அப்பாவா, அரசாங்கமா?

கருப்பட்டிக்காபி:
என் மச்சினிக்குப் போன வருடம் ஒரே பிரசவத்தில் மூன்று பெண் குழந்தைகள். மூன்றும் அச்சு அசல் ஒன்றே, பெற்றவளே குழம்பிப்போய் காலில் வேறு வேறு நிறத்தில் கயிறு கட்டி வைத்திருக்கிறாள். சகலை குழந்தைகளைக் குளிப்பாட்டி ஒரு வீடியோ போட்டார், அது ஓடு ஓடென்று ஓடிவிட்டது. இப்போது ஒரு ஜவுளிக்கடைக்காரர், மூன்று பேருக்கும் ஒரே மாதிரி பாவாடை தருகிறேன், போட்டுவிட்டு வீடியோ எடுங்கள், பணமும் தருகிறேன் என்கிறார். வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். என் மனைவி கனடாவில் ஒரே பிரசவத்தில் பிறந்த டியோன் குடும்பத்து ஐந்து பெண் குழந்தைகளைக் காட்சிப் பொருளாக்கிய கதையைச் சொன்னால், சகலை "அந்த அப்பன் பேராசைக்காரன், நான் அப்படியா?" என்று வாயை அடைத்துவிடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அப்பன்தான் காரணமா?

வடக்குவாசல்:
உங்கள் சகலை சொல்வது பாதிதான் சரி. டியோன் குழந்தைகள் பிறந்தது 1934 மே 28, ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்குப் பகுதியில் கோர்பே என்ற இடத்தில், பிரெஞ்சு பேசும் ஏழைக் குடியானவன் வீட்டில். இவோன், அனெட், செசீல், எமிலி, மாரி. ஐந்தும் சேர்த்தே 6 கிலோதான் இருந்தன, கரண்ட் இல்லாத வீடு, அடுப்பைத் திறந்துவைத்து அந்தச் சூட்டில்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். அதற்கு முன் ஐந்து குழந்தைகள் ஒன்றாகப் பிறந்து எல்லாம் பிழைத்ததாகப் பதிவே இல்லை. ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீடு அது, பஞ்சகாலம் வேறு. பிறந்த சில நாட்களிலேயே சிகாகோ பொருட்காட்சிக்காரர்கள் வந்து நிற்க, குழந்தைகளைக் காட்சிக்கு வைக்கும் ஒப்பந்தத்தில் அப்பா ஒலிவா டியோன் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊர் பாதிரியாரும் டாக்டரும்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு மனசு மாறி ரத்து செய்யப் பார்த்தார், ஆனால் அந்த ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது அரசுக்கு. "பெற்றோர் சுரண்டுகிறார்கள், நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்று 1935-ல் தனிச் சட்டமே போட்டு, 18 வயது வரை அரசின் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஐந்து பிள்ளைகளை மட்டும் அதே பெற்றோரிடம் விட்டுவிட்டார்கள், கவனியுங்கள்.

காப்பாற்றிய லட்சணம் என்ன தெரியுமா? பிறந்த வீட்டுக்கு எதிரே சாலைக்கு அந்தப்பக்கம் பிரசவம் பார்த்த டாக்டர் டஃபோ பெயரில் ஒரு மருத்துவமனை, சுற்றி முள்வேலி, போலீஸ் காவல். 1936-லிருந்து உள்ளே ஒரு விளையாட்டு முற்றம், அதைச் சுற்றி வலை அடித்த பார்வையாளர் பாதை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை குழந்தைகளை முற்றத்தில் விடுவார்கள், ஜனங்கள் வரிசையில் நடந்துகொண்டே பார்ப்பார்கள். வலைக்கு அந்தப்பக்கம் ஆள் இருப்பது குழந்தைகளுக்குத் தெரியாது என்று நம்பினார்கள், ஆனால் சகோதரிகள் பிற்காலத்தில் எங்களுக்குத் தெரியும் என்றே சொன்னார்கள். 1943 வரை வந்து பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். கயிறு என்றதும் நினைவுக்கு வந்தது, அங்கேயும் ஆளுக்கு ஒரு நிறம், ஒரு சின்னம். அனெட்டுக்குச் சிவப்பும் மேப்பிள் இலையும், மாரிக்கு நீலமும் கரடிப் பொம்மையும், இப்படி. அதில் ஒன்றும் தப்பில்லை, அவரவர் பொருளை அடையாளம் காணத்தான். கதவுக்கு வெளியே நடந்ததுதான் கூத்து. சாலையில் ஒரு பெட்ரோல் பங்க், ஐந்து பம்பு, பம்புக்கு ஒரு குழந்தையின் பெயர். அந்த வட்டாரத்துக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு போனால் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பி, கல்லுக்கும் கூட்டம்! ஓட்ஸ், சோப்பு, பற்பசை, சோளப்பாகு என்று விளம்பரம், மூன்று ஹாலிவுட் படம். வந்த பணம் குழந்தைகள் பெயரிலான நிதியில்தான் சேர்ந்தது, ஆனால் அவர்களைக் காட்சிக்கு வைத்த அந்த மருத்துவமனைச் செலவும் ஊழியர் சம்பளமும் அதே நிதியிலிருந்துதான் போனது. காட்டுகிறவன் செலவைக் காட்டப்படுகிறவள் கொடுப்பது, இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேண்டுமா?

மண்பானை:
நீங்கள் அரசை மட்டும் திட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எதிரேயே நினைவுப் பொருள் கடை போட்டுத் தன் கையெழுத்தையும் விற்றது யார்? அதே ஒலிவாதான். 1943-ல் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பி வந்தார்களே, அந்த 20 அறை வீடும் அவர்கள் பணத்தில்தான் கட்டியது. வந்தும் நிம்மதி கிடையாது. 18 வயதானதும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். 1995-ல் உயிரோடிருந்த மூன்று பேரும், அப்பா எங்களிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டார் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அவர் 1979-லேயே இறந்துவிட்டதால் பதில் சொல்ல ஆளில்லை, குடும்பத்தில் மற்றவர்கள் மறுத்தார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்பது வருஷம் பிள்ளையைக் கேட்டு அலைந்த அப்பாவும் அவர்தான், கடை போட்டவரும் அவர்தான், இரண்டும் உண்மை. உங்கள் சகலையிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்: பேராசைக்காரன் என்று யாரும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

வடக்குவாசல்:
கடை விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசையை உருவாக்கியது யார், வரிசைக்குப் பக்கத்தில் கடை போட்டது யார் என்பதில் வித்தியாசம் உண்டு. பஞ்சகாலத்தில் அவரும் பிழைக்க வேண்டுமே.

மண்பானை:
எல்லாருக்கும் அந்தக் காரணம் உண்டு சார்.

தெற்குத்தெரு:
இதே காலத்துக் கதை இன்னொன்று, அர்ஜென்டினா. 1943-ல் புவனோஸ் அய்ரெஸில் டிலிஜென்டி குடும்பத்தில் ஐந்து குழந்தைகள், இரண்டு ஆண், மூன்று பெண். அப்பா தொழிலதிபர், டியோன் கூத்தை அறிந்தவர், பிறந்த செய்தியையே கொஞ்ச காலம் மறைத்து வைத்தார். பணக்காரர், அதனால் முடிந்தது என்பீர்கள், அதுவும் நியாயம்தான். மறுபுறம் அமெரிக்காவில் 1946-ல் வட கரோலினாவில் ஃபல்ட்ஸ் குடும்பத்து நான்கு பெண் குழந்தைகள், கறுப்பினத்தவர், ஒரே மாதிரி நால்வர். குத்தகை விவசாயி வீடு. பிரசவம் பார்த்த டாக்டரே பெயர் வைத்தார், அதுவும் தன் சொந்தக்காரர் பெயர்களாக! விளம்பரத்துக்காகப் பால் கம்பெனியோடு பேரம் பேசியதும் அவர்தான்.

சட்டப்புள்ளி:
கேட்டவருக்கு நடைமுறையில் உதவுகிற ஒன்று. நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டு, 2017-ல் விதிகள் வந்தன. கலைஞராக வேலை செய்யும் குழந்தை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் எஃப்டி. கலெக்டர் அனுமதியும் வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1939-லேயே இதற்குச் சட்டம், சாப்ளினோடு நடித்த குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தை அம்மாவும் மாற்றாந்தகப்பனுமே தின்றதால் வந்தது. செல்போனில் அப்பாவே எடுத்து அப்பாவே போடுகிறபோது இதை யார் வந்து அளப்பது என்பதுதான் ஓட்டை, பிரான்ஸ் அதற்கும் 2020-ல் சட்டம் போட்டது.

கருப்பட்டிக்காபி:
எல்லாருக்கும் நன்றி. எஃப்டி விஷயம் சகலைக்கே தெரியாது. கடைசியில் அந்த ஐந்து பேருக்கும் பணம் திரும்பக் கிடைத்ததா?

வடக்குவாசல்:
ஐந்து பேருக்குக் கிடைக்கவில்லை. எமிலி 1954-ல் 20 வயதில் வலிப்பு வந்து கன்னியர் மடத்தில் இறந்தாள், மாரி 1970-ல். மீதி மூவரும் மான்ட்ரியல் பக்கம் ஒன்றாக இருந்தார்கள், மூவருக்கும் சேர்த்து மாத வருமானம் 750 டாலருக்கும் குறைவு. முதலில் அரசு மாதாமாதம் ஏதோ தருகிறேன் என்றது, முடியாது என்று மறுத்துவிட்டார்கள், 1998-ல் 40 லட்சம் கனடிய டாலர் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவின் அயோவாவில் ஒருவருக்கு ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தைகள் பிறந்தபோது, எங்களுக்கு நடந்ததை உங்கள் பிள்ளைகளுக்கு நடக்க விடாதீர்கள் என்று இந்த மூவரும் அந்தப் பெற்றோருக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அதைத் தேடிப் படித்து சகலைக்கு அனுப்புங்கள், நாங்கள் எழுதியதை விட அது வேலை செய்யும்.