8 அங்குல ஆத்தங்குடி கல்: திரையில் சேரும் கொடி தரையில் சேரவில்லை, உதவி தேவை

காரைக்குடி:
வளவுக்கு (வீட்டின் நடு முற்றம்) பக்கத்து அறைக்கு (10 அடிக்கு 10 அடி) சொந்த டிசைனில் 8 அங்குல ஆத்தங்குடி கல் (கலர் சிமெண்டில் கையால் செய்யும் தரைக்கல்) போட எண்ணம். கணினியில் ஒரு சதுரத்தை வரைந்து இடவலமும் மேல்கீழும் பிரதிபலித்தால் கொடி அறாமல் ஓடுகிறது. அதையே நாலு தாளில் அச்சடித்து ஒரு மூலையைச் சுற்றித் திருப்பி வைத்தால் மூட்டுக்கு மூட்டு 1 அங்குலம் விலகுகிறது. கொடி இடது விளிம்பை அந்த மூலையிலிருந்து 3 அங்குலத்திலும், கீழ் விளிம்பை 2 அங்குலத்திலும் தொடுகிறது. தகட்டு அச்சு (கலர் ஊற்றும் டிசைன் சட்டம்) செய்யக் கொடுக்கும் முன் எதைத் திருத்த வேண்டும்?

பள்ளத்தூர்:
திரையில் செய்தது பிரதிபலிப்பு, தாளில் செய்தது சுழற்சி. பிரதிபலித்தால் இடது விளிம்பு தன் பிம்பத்தோடுதான் சேரும்: 3க்கு 3. 90 பாகை திருப்பினால் இடது விளிம்போடு வந்து முட்டுவது அடுத்த கல்லின் கீழ் விளிம்பு: 3க்கு 2. விலகும் 1 அங்குலம் அதுதான்.

சுழற்சியும் பிரதிபலிப்பும் ஒரே படத்தைத் தர ஒரு நிபந்தனை போதும்: மூலைவிட்டமும் கண்ணாடியாக இருக்க வேண்டும். இடமிருந்து 2, கீழிருந்து 5 அங்குலத்தில் என்ன நிறமோ, இடமிருந்து 5, கீழிருந்து 2லும் அதே நிறம். ஆகவே முழுச் சதுரத்தை வரையாதீர்கள். கீழ் விளிம்பு, வலது விளிம்பு, மூலைவிட்டம் மூன்றுக்கும் நடுவே உள்ள 45-90-45 முக்கோணத்தில் மட்டும் வரைந்து, மூலைவிட்டத்தில் ஒருமுறை பிரதிபலியுங்கள். கொடி இரண்டு விளிம்பையும் 3லேயே தொடும்.

இந்த மூன்று கண்ணாடிகளைக் கீ, வ, ம என்று வையுங்கள். தரை முழுவதும் இவை பிறப்பிக்கும் குலம்தான் (கணிதத்தில் group: இவற்றை அடுத்தடுத்துச் செய்து கிடைக்கும் எல்லா மாற்றங்களின் தொகுப்பு). கீம (கீ, ம இரண்டையும் அடுத்தடுத்துப் பிரதிபலிப்பது) நான்கு முறை, வம நான்கு முறை, கீவ இரண்டு முறை செய்தால் பழைய இடத்துக்கே வரும். நிரல் எழுதுவதானால் ஒரு சோதனை: தொடக்க முக்கோணத்திலிருந்து 1 கண்ணாடி தாண்டினால் 3 முக்கோணம், 2 தாண்டினால் 5, 3 தாண்டினால் 8. இரண்டாம் படியில் 6 வந்தால் கீவ, வகீ இரண்டும் ஒன்று என்பதை நிரல் கவனிக்கவில்லை.

தேவகோட்டை:
மூலைவிட்டச் சமச்சீர் பிடிக்கவில்லை என்றால் இடக்கை, வலக்கை என ஒன்றுக்கொன்று பிம்பமான இரண்டு வகைக் கல் வேண்டும். சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வரும், பாதிக்குப் பாதி. நிறம் ஒரு முகத்தில்தான் இருக்கிறது, கல்லைக் கவிழ்த்துப் போட முடியாது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கலர் சிமெண்டை ஊற்றுவது நிஜக் கண்ணாடிப் பலகை மேல். கண்ணாடியைத் தொடும் பக்கம்தான் பின்னால் மேல்முகம். அதனால் அச்சை மேலிருந்து பார்க்கும் படம் கல்லில் இடவலம் மாறித்தான் வரும். சமச்சீர் டிசைனுக்கு இது பொருட்டில்லை, மற்றதுக்கு வரைபடத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே அச்சைக் கவிழ்த்து வைத்தால் மற்றக் கைக் கல் கிடைக்கும்தான், ஆனால் கைப்பிடியை ஒரு பக்கம் பற்றவைத்துவிட்டால் அந்த வழி அடைபட்டது. என் கணக்கில் சமச்சீர்தான் லாபம்.

காரைக்குடி:
சரிங்க, சமச்சீராகவே வரைகிறேன். நாலு கல் சேரும் மூலையில் ஆறிதழ்ப் பூ வருமா? அறைக்கு 15 கல் கச்சிதமாகப் பொருந்துகிறதே?

பள்ளத்தூர்:
மூலையில் ஆறு வராது. முக்கோணத்தின் கோணங்கள் 180ஐ முழு எண்ணால் வகுத்தவையாக இருக்க வேண்டும், கூட்டினால் 180. அப்படி அமைவது 60-60-60, 45-45-90, 30-60-90 மூன்றே. சதுரக் கல்லுக்கு நடுவிலுள்ளது மட்டும், அதனால் 4 அல்லது 8 இதழ். ஆறுதான் வேண்டுமென்றால் அறுகோணக் கல். இல்லையேல் பூவை ஒரு கல்லின் நடுவிலேயே வரைந்து, அதன் அச்சுக்கோடு ஒன்றை மூலைவிட்டத்தின் மேல் வையுங்கள். 72 பாகை இடைவெளியில் இரு கண்ணாடி வைத்து ஐந்திதழ் முயல வேண்டாம்: அந்த இரு கண்ணாடிகளும் சேர்ந்து நடுவே 36ல் இன்னொரு கண்ணாடியைப் பிறப்பிக்கும், படம் தன்மேலேயே விழும்.

15 கச்சிதம்தான், ஆனால் ஒற்றைப்படை. அறையின் நடுக்கோடு கல்லின் நடுவே போகும், அங்கே கண்ணாடி இல்லை. ஒரு சுவரில் பூவின் பாதி, எதிர்ச்சுவரில் மற்ற மூலை டிசைனின் பாதி. 14 கல் போடுங்கள், 112 அங்குலம். மீதி 8ஐச் சுற்றிலும் 4 அங்குல பார்டராக்கிவிடலாம். மொத்தம் 196 கல், உடைசலுக்குக் கூடுதல் தனி. ஒவ்வொரு கல்லின் பின்பக்கமும் பூ மூலையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு ஒரே விதி: புள்ளி மூலைகள் நாலு நாலாகச் சேர வேண்டும்.