பெரியப்பாவுக்காக எப்படி ஜெபிப்பது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஊர் காங்கேயம் பக்கம். எங்கள் கொறங்காட்டுக்கும் (மேய்ச்சல் காடு) பெரியப்பா காட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி. அதை நகர்த்தி வைத்த தகராறில் 6 வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது அவர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார்.

"உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்று முழங்கால் போட்டால், அவர் பிழைக்காவிட்டாலும் தேவசித்தம்தானே என்று உள்ளுக்குள் ஒரு கசப்பு எட்டிப் பார்க்கிறது. சொல்லவே நடுக்கமாக இருக்கிறது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம்மையே ஒப்புக்கொடுத்துச் சொன்ன வார்த்தைக்குள் நான் என் கோபத்தை ஒளிக்கிறேன்.

நேற்று நல்ல மழை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொழுக்கட்டைப்புல் ஒரே மாதிரி நனைந்து நின்றது. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் தேவன் மழை பெய்யப்பண்ணுகிறார் என்ற மத்தேயு 5:45 அப்படியே கண்முன்னால்!

பகையாளிக்காக ஜெபித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள், முதல் நாள் என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள்? அப்புறம், நேரில் போய்ப் பார்க்கலாமா, பெரியம்மா தப்பாக எடுத்துக்கொள்வார்களா? அவருக்காகவும் ஜெபியுங்கள்.